வேஷம் போட்டு வீடு வீடாக: வீட்டில் ஒருத்தர் சரி, ஒருத்தர் வேண்டாம் என்றால்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தி பிள்ளைகள் சூனியக்காரி வேஷத்தோடு வீடியோ காலில் வந்து நின்றுவிட்டால் போதும், ராமநாதபுரம் கரையில் பாம்பனிலோ கீழக்கரையிலோ இருக்கும் பிள்ளைக்கும் அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று வேஷம் கட்டி, வீடு வீடாக மிட்டாய் வாங்கத் தெருவில் இறங்க வேண்டும். அப்பா "போகட்டுமே, ஒரு நாள்தான" என்பார். அம்மா "இதெல்லாம் நம்ம பழக்கமா?" என்பார். சில வீடுகளில் இது அப்படியே மாறி இருக்கும். அப்பத்தா சொல்வது இரண்டிலும் சேராது. அந்தப் பேச்சை எப்படி முடிப்பது, சரி என்று முடிந்தால் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. ஹாலோவீன் வேண்டாம், கிறிஸ்துமஸ் கேரல் சுற்றுதான் என்றாலும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

பேச்சு முதலில், வேஷம் பிறகு

குறைந்தது இரண்டு வாரம் முன்னால், பிள்ளை தூங்கிய பிறகு பேசுங்கள். வேஷம் வாங்கிய பிறகு பேசினால் அது பேச்சில்லை, பஞ்சாயத்து. பிள்ளை காதுபடப் பேசினால் அதைவிட மோசம். யார் பக்கம் சாய்ந்தால் காரியம் நடக்கும் என்பதை ஆறு வயதுப் பிள்ளை பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

"ஏன் வேண்டாங்குற?" என்று கேட்டால் எதிராளி வாதாடத்தான் செய்வார். "என்ன ஆயிரும்னு பயப்படுற?" என்று கேளுங்கள். வருகிற பதிலை ஒரு வரியில் எழுதுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்: இருட்டும் ரோடும், யாரோ கொடுக்கும் தின்பண்டம், மார்க்கம் அல்லது நம்பிக்கை, வீட்டு மானம். இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பேச்சு முடிவதில்லை. ரோட்டுக்குப் பயப்படுகிறவரிடம் "இது வெறும் விளையாட்டு" என்று சொல்லிப் பயனில்லை. நம்பிக்கை இடிக்கிறது என்பவரிடம் டார்ச் லைட்டைக் காட்டியும் பயனில்லை.

இந்தக் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. சரி என்று சொல்கிறவர் பல நேரம் வீட்டில் இருப்பதில்லை. ஒன்று தொழிலுக்குக் கடலில் இருப்பார், இல்லையென்றால் துபாயில் இருப்பார். போனில் "போயிட்டு வரட்டும்" என்று சொல்லச் செலவில்லை. "கடைசியில நான்தான அலையணும்" என்று அம்மா சொன்னால் அது முழுக்க நியாயம். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: சரி என்கிறவர் கூட நடக்க வேண்டும், அல்லது நடப்பதற்கு ஒரு பெரியவரைப் பேசி வைக்க வேண்டும். தம்பியோ மச்சானோ காக்காவோ (அண்ணனோ), பெயரைச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். "யாராச்சும் போவாங்க" என்பது சம்மதத்தில் சேராது. தூரத்தில் இருப்பவர் வேண்டாம் என்றால், என்ன பயம் என்று அவரையும் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். வழியையும் நேரத்தையும் அவருக்கு அனுப்பியதும் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

முடிவு எதுவானாலும் பிள்ளையிடம் இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள். "அம்மாதான் விடமாட்டேங்குறா" என்று அப்பா கழன்றுகொண்டால், அந்த வருஷம் முழுக்க அம்மா வில்லிதான்.

நம்பிக்கை இடிக்கும்போது

முதலில் நாளைப் புரிந்துகொள்ளுங்கள். நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. அதற்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மூக்கையூரிலும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றப்போகும் வாரம் அது. அந்த வாரத்தில் பேரன் எலும்புக்கூடு சட்டையோடு வந்து நின்றால் பாட்டிக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். இங்கிலாந்தில் பழைய காலத்தில் இதே நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போய், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிச் சின்ன ரொட்டி வாங்கிப்போவார்கள். பிள்ளைகள் மிட்டாய் வாங்கும் வழக்கத்தின் வேர்களில் அதுவும் ஒன்று. இதைச் சொன்னால் சில பாட்டிமார் மனம் மாறலாம். மாறாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் மார்க்கத்தில் இல்லாததை எடுத்துச் செய்யக்கூடாது என்று வாப்பாவோ உம்மாவோ சொன்னால், பெந்தெகொஸ்தே சபை வீட்டில் பேய் வேஷமே கூடாது என்றால், அது ரோட்டுப் பயம் போலத் தீர்த்துவைக்கக்கூடிய பயமில்லை. பெற்றோரில் ஒருத்தருக்கு நம்பிக்கை இடிக்கிறது என்றால் இந்த வருஷம் போக வேண்டாம் என்பதுதான் எங்கள் முடிவு. எவ்வளவு மிட்டாய் வந்தாலும் அந்த உரசலுக்கு ஈடாகாது. பதிலுக்கு வேறு ஒன்றைக் கொடுங்கள்: பெருநாளன்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பெருநாள் காசு வாங்குவது, டிசம்பரில் கேரல் குழுவோடு போவது, நவராத்திரிக்குக் கிருஷ்ணன் வேஷம் போட்டுக் கொலு வீடுகளில் ஒரு பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்குவது. பிள்ளை கேட்பது வேஷமும் கூட்டமும் தின்பண்டமும்தான். தேதி அதற்கு ஒரு பொருட்டில்லை.

அந்தி நேரம், காத்து கருப்பு, கண்ணேறு என்று அப்பத்தா சொன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள். திரும்பி வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுத்திப்போடும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றவர் அன்றைக்கு வாசலில் காத்திருப்பார்.

"என் பிள்ள பிச்சை எடுக்கணுமா?"

மானப் பேச்சு பெரும்பாலும் அப்பாமாரிடமிருந்துதான் வரும். குலசேகரன்பட்டினம் தசராவில் வசதியான வீட்டு ஆட்களே காளி வேஷம், குறவன் வேஷம், போலீஸ் வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி முத்தாரம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். அதை யாரும் பிச்சை என்பதில்லை. ஏனென்றால் அது நேர்த்திக்கடன், வாங்குவது தனக்கில்லை, வீட்டுக்காரருக்கும் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரியும். ஸ்காட்லாந்தில் இதே ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் ஒரு பாட்டோ விடுகதையோ சொன்ன பிறகுதான் தின்பண்டம் வாங்க வேண்டும் என்பது பழைய முறை. இரண்டையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகள் ஒரு நிமிடம் ஏதாவது செய்ய வேண்டும். இரண்டு விடுகதை, ஒரு பாட்டு, ஒரு திருக்குறள், எதுவானாலும் சரி. கொடுக்காவிட்டால் குறும்பு செய்வோம் என்று மிரட்டும் பகுதி நம் தெருவுக்கு வேண்டவே வேண்டாம். விளையாட்டு என்று தெரியாத வீட்டில் அது சண்டையில் முடியும். இரண்டு, வாங்கியதில் ஒரு பங்கை வெளியே கொடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1950இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஒரு வழக்கத்தில் பிள்ளைகள் மிட்டாயோடு யுனிசெஃபுக்குச் சில்லறையும் திரட்டினார்கள். இங்கே அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தால் போதும்.

"நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றால், அந்த நாலு பேர் வீட்டுக்கும் முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுங்கள். எப்படியும் அவர்கள் வீட்டுக்குத்தான் போகப்போகிறீர்கள்.

விஷ மிட்டாய்க்குப் பயந்து ரோட்டை மறக்காதீர்கள்

மிட்டாயில் பிளேடு, விஷம் என்று வாட்ஸப்பில் வருவது அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பயம். அங்கே ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைப் பல்லாண்டு துருவிப் பார்த்தார். முகம் தெரியாத ஆள் வைத்த விஷ மிட்டாயால் பிள்ளை செத்ததாக உறுதியான ஒரு நிகழ்வும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு பிள்ளை அப்படிச் செத்தது உண்மை. சயனைடு வைத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன்.

ரோடு வேறு கதை. 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்க விபத்துக் கணக்கைப் பார்த்த ஆய்வு, ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர் வண்டி மோதிச் சாகும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்றது. நடைபாதையும் தெருவிளக்கும் உள்ள நாட்டில் அப்படி. நமக்கோ ராமேஸ்வரம் ரோடு உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் நடுவேதான் போகிறது. விடிவதற்குள் தீர்த்தமாடப் போய்ச்சேர வேண்டும் என்று யாத்திரை வேன்கள் ராத்திரியில் மிதித்துக்கொண்டு வரும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி: இந்தச் சுற்றில் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமா? ஆம் என்றால் அந்த வழி வேண்டாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்து உட்காரட்டும்.

வீடுகள்: எட்டு போதும்

அமெரிக்காவில் வாசல் விளக்கு எரிந்தால்தான் பிள்ளைகள் படியேறலாம் என்பது பேசாமலே நடக்கும் ஒப்பந்தம். இங்கே அந்த ஒப்பந்தம் இல்லை. கதவைத் திறக்கும் வீட்டுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. ஒரு வாரம் முன்னால் பெற்றோரில் ஒருவர் நேரில் போய்ச் சொல்லுங்கள்: "சனிக்கிழமை சாயந்திரம் பத்துப் பிள்ளைங்க வேஷம் போட்டு வரும்க்கா. பொட்டலத்த நாங்களே தந்துருவோம். நீங்க எடுத்துக் குடுத்தாப் போதும்." 2026இல் அக்டோபர் 31 சனிக்கிழமைதான்.

பொட்டலத்தை நீங்களே கொடுத்துவிடுவதில்தான் தின்பண்டப் பயமும் தீரும், வீட்டுக்காரருக்குச் செலவும் இருக்காது. கணக்கு இது: பத்துப் பிள்ளை, எட்டு வீடு என்றால் 80 பொட்டலம். ஆனால் 80 போடாதீர்கள். வேஷக் கூட்டத்தைக் கண்டால் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே சேர்ந்துகொள்ளும். அவர்களை விரட்டுவதும் நன்றாயிருக்காது. பாதிப் பங்கு கூட்டி 120 போடுங்கள். பொட்டலம் ஐந்து ரூபாய்க்குள் என்றால் 600 ரூபாய். பத்துக் குடும்பம் பிரித்தால் தலைக்கு 60. வீட்டுக்குப் பதினைந்து பொட்டலமாகப் பையில் எண்ணிப் போட்டு அன்று மதியம் கொடுத்துவிடுங்கள். முந்தின நாளே கொடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தின்றுவிடும்.

துக்கம் நடந்த வீட்டை விட்டுவிடுங்கள். பதினாறாம் நாள் முடியாத வீடு, கணவரை இழந்த பெண் இத்தா இருக்கும் வீடு, கைக்குழந்தை தூங்கும் வீடு, விடியற்காலைத் தொழிலுக்காக ஆள் முன்நேரமே படுத்துவிடும் வீடு எதுவும் வேண்டாம். ஆடு கோழிக்காக அவிழ்த்துவிட்ட நாய் உள்ள வீடும் வேண்டாம்.

வாசல்படியோடு நிற்க வேண்டும், எந்த வீட்டுக்குள்ளும் பிள்ளை போகக்கூடாது. "உள்ள வா கண்ணு, தண்ணி குடி" என்பது அன்புதான். அதற்கும் கூடவரும் பெரியவர்தான் பதில் சொல்ல வேண்டும். தெரிந்த வீடு, தெரியாத வீடு என்று இதில் பேதம் வைத்தால் விதி நிற்காது.

பூசணிக்காயைக் கண்ணும் வாயும் குடைந்து விளக்கு வைப்பது அங்கே வாசல் அலங்காரம். இங்கே அதைச் சொந்த வாசலைத் தாண்டி எங்கும் வைக்காதீர்கள். அடுத்தவர் வீட்டுப் படியில், அதுவும் சிவப்பு தடவி வைத்தீர்களோ, செய்வினை என்று மூன்று தலைமுறைப் பகை வரும்.

நேரம்

அக்டோபர் கடைசியில் இந்தக் கரையில் சூரியன் ஏறக்குறைய 5:50க்கு அடையும். அந்த வேளையில் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு, கோயிலில் ஆறு மணி, இந்து வீடுகளில் விளக்கேற்றும் நேரம். 5:45 முதல் 6:15 வரை யார் வாசலிலும் போய்க் கத்தக்கூடாது. இதை மனதில் வைத்து மாலையை இரண்டாக உடைக்கலாம்.

ஐந்து மணிக்குக் கிளம்பி, வெளிச்சத்தில் ஐந்து வீடு. வீட்டுக்கு ஐந்து நிமிடம், நடைக்கு நான்கு நிமிடம் என்று முக்கால் மணி நேரம் ஆகும். ஆறாவதாக யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் அரை மணி நேரம் எல்லாரும் உட்காருங்கள். பால், தண்ணீர், பாத்ரூம், தலை எண்ணுவது எல்லாம் அங்கே. 6:15க்குப் பிறகு கடைசி மூன்று வீடு, உங்கள் சொந்தத் தெருவில் மட்டும், டார்ச்சோடு. ஏழு மணிக்கு எல்லாரும் வீட்டில். இருட்டு வேண்டும் என்ற பிள்ளைக்கும் இருட்டே வேண்டாம் என்ற அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு. முரண்டு பிடித்த வீடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இணங்கிவருகின்றன.

வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும் நேரம். மதியம் மூன்று மணிக்கு வானத்தைப் பார்த்து முடிவு சொல்லிவிடுங்கள், ஐந்து மணிக்கு இல்லை. மழை என்றால் ஒரே முற்றத்திலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ எட்டு அம்மாக்கள் எட்டுத் தட்டோடு வரிசையாக உட்கார, பிள்ளைகள் தட்டுத் தட்டாகப் போகட்டும். அமெரிக்காவில் சர்ச் மைதானத்தில் கார் டிக்கிகளைத் திறந்துவைத்து இதையே செய்கிறார்கள். கடைசிவரை "தெருவுக்கு அனுப்ப மாட்டேன்" என்று நிற்கும் பெற்றோருக்கும் இதுதான் மாற்று வழி.

ஆட்கள்

பத்து வயதுக்குக் கீழே நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பத்துப் பிள்ளை என்றால் மூன்று பேர்: ஒருவர் முன்னால், ஒருவர் நடுவில், ஒருவர் கடைசிப் பிள்ளைக்கும் பின்னால். பின்னால் வருகிறவர் போன் பார்க்கக் கூடாது. பிள்ளை தொலைவது எப்போதும் வரிசையின் வாலில்தான். செருப்பு வார் அறுந்து குனிந்த பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வாசலிலிருந்தும் இறங்கும்போது தலை எண்ணுங்கள், பின்னாலே சேர்ந்த தெருப் பிள்ளைகளைத் தனியாக எண்ணுங்கள். அவர்களை மொத்தத்தில் சேர்த்தால் எண்ணிக்கை சரியாக வந்து ஆள் குறைந்திருக்கும்.

பதின்மூன்று வயது அண்ணனைப் பெரியவர் கணக்கில் சேர்க்காதீர்கள். அவன் நண்பர்களைக் கண்டதும் அந்தப் பக்கம் போய்விடுவான்.

ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக்கு உள்பக்கம் ஒரு போன் எண்ணை பால்பாயிண்டில் எழுதுங்கள். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம், பெயர் தெரிந்த ஆளைப் பிள்ளை உடனே நம்பிவிடும். 108, 112, குழந்தைகளுக்கான 1098 மூன்றும் பெரியவர்கள் போனில் இருக்கட்டும். படங்களை வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே போட்டால் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்கே அறிவித்ததுபோல ஆகும். அடுத்த வீட்டுப் பிள்ளை படத்தில் இருந்தால் அவர்கள் அம்மாவைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வேஷம்

கடையில் விற்கும் பளபள நைலான் அங்கி தீயில் எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும். 2024இல் தீபாவளியே அக்டோபர் 31இல் வந்தது. மற்ற வருஷங்களிலும் அந்தச் சமயம் தெருவில் மத்தாப்பும் வெடியும் கிடக்கும். பருத்தித் துணியில் தையுங்கள். பழைய வேட்டி, கைலி, தாவணி போதும். நீளம் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே. தரையைத் தொடும் அங்கி படியில் மிதிபட்டால் முகங்குப்புற விழுவதுதான் நடக்கும். தீப்பிடித்தால் ஓடவிடாதீர்கள், தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள். காயத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவாதீர்கள்.

கடற்கரை வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்தே நல்ல வேஷம் கட்டலாம், இரண்டொரு எச்சரிக்கையோடு. தங்கூசி வலையை, அதாவது மெல்லிய நைலான் இழை வலையை, கழுத்தில் சுற்றக்கூடாது. எங்காவது மாட்டி இழுபட்டால் அறுத்துவிடும். தடித்த நூல் வலையை இடுப்பில் கட்டுங்கள், மிதவையை முதுகில் இரண்டோடு நிறுத்துங்கள். கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டு எதையும் அலங்காரத்துக்கு எடுக்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் குற்றம். அதற்குப் பதில் சாம்பல் நிறப் போர்வையில் ஆவுளியா (கடல் பசு) வேஷம் கட்டினால் பார்க்கிறவர்களுக்கு அது என்ன என்று சொல்லிக்கொடுக்கவும் ஒரு வாய்ப்பு.

பனை ஓலை முகமூடி அழகு. காய்ந்த ஓலையின் விளிம்பு தோலைக் கீறும். குருத்தோலையாக எடுத்து அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு வெட்டி, விளிம்பு முழுக்க அரை அங்குலத் துணிப் பட்டியை மடித்துத் தைத்துவிடுங்கள். கண் துளை பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அப்படியும் பக்கவாட்டுப் பார்வை போய்விடும், வண்டி வருவது தெரியாது. நடக்கும்போது முகமூடி நெற்றிக்கு மேலே, வாசலில் மட்டும் கீழே.

முகத்தில் பூசுவது இன்னும் எளிது. பெயிண்ட், மார்க்கர், ஹோலிப் பொடி, மலிவான குங்குமம் எதுவும் முகத்துக்கு ஆகாது. தோலுக்கென்று விற்கும் பெயிண்டை வாங்கி, முந்தின நாள் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். சிவந்தால் வேண்டாம். கண்ணிமைக்கும் உதட்டுக்கும் மேல் எதுவும் கூடாது. வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.

பிண வேஷமும் ரத்தக் கோலமும் வேண்டாம். கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீடு இந்தக் கரையில் எந்தத் தெருவிலும் இருக்கலாம்.

காலுக்கு ரப்பர் செருப்பு போதாது. ராமநாதபுரம் சீமைக்கருவேல முள் அதைத் துளைத்து உள்ளே வரும். பள்ளிக்கூட ஷூ போடுங்கள். முதுகிலும் இரு கைகளிலும் லாரி சாமான் கடையில் விற்கும் ஒளிரும் டேப்பை இரண்டு அங்குல அகலத்தில் ஒட்டுங்கள். ஹெட்லைட் பட்டதும் தூரத்திலிருந்தே மின்னும். பைக்கு மஞ்சப்பையைவிட நல்லது இல்லை, கழுத்தில் மாட்டாமல் கையில் பிடிக்கட்டும். முந்தின நாள் முழு வேஷத்தோடு படியேறி இறங்கி, உட்கார்ந்து எழுந்து, வாசல்வரை ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிவதெல்லாம் அன்றே கிழிந்துவிடும்.

நாய்

வேஷத்தைப் பார்த்து நாய் குரைக்கும், பிள்ளை ஓடும், ஓடுவதைப் பார்த்து நாய் துரத்தும். "நாய் வந்தா செல மாதிரி நில்லு, கண்ணப் பாக்காத" என்பதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி கூடாது. அன்றிரவே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

பொட்டலத்தில் என்ன, திரும்பி வந்ததும் என்ன

கம்பெனி உறையில், தேதியும் தர உரிம எண்ணும் உள்ள மிட்டாய் ஒன்று, ஒரு பென்சிலோ அழிரப்பரோ ஸ்டிக்கரோ ஒன்று. அவ்வளவுதான். கீழக்கரைத் தொதலும் சாயல்குடிக் கருப்பட்டிப் பண்டமும் ருசிதான். ஆனால் கையில் ஒட்டும், யார் செய்தது என்று எழுதியிருக்காது. அவற்றை இடைவேளை வீட்டில் தட்டில் வைத்துக் கொடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கடலை மிட்டாயும் கெட்டி மிட்டாயும் சின்னக் கப் ஜெல்லியும் தொண்டையில் சிக்கும், அவர்கள் பொட்டலத்தில் பிஸ்கட் போட்டு வேறு நிற நூல் கட்டுங்கள். கடலை ஒவ்வாத பிள்ளையும் இன்சுலின் போடும் பிள்ளையும் கூட்டத்தில் இருக்கலாம். அதனால் இருபது பொட்டலத்தைத் தின்பண்டமே இல்லாமல் கட்டுங்கள். அமெரிக்காவில் 2014 முதல் இப்படிக் கொடுக்கும் வீடுகள் நீலப்பச்சை நிறப் பூசணியை வாசலில் வைக்கின்றன.

பஞ்சு மிட்டாய் வேண்டாம். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் அதற்குத் தடை விதித்தது. வாயில் புகை வரும் பிஸ்கட்டும் வேண்டாம், அதில் ஊற்றும் திரவ நைட்ரஜன் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும்.

வீட்டுக்கு வரும்வரை பையைத் தொடுவதில்லை என்பது நடக்காத விதி. கிளம்பும்போதே வயிறு நிறைய இட்லியோ சப்பாத்தியோ கொடுத்துவிட்டு, நடக்கும்போது ஒன்றே ஒன்று தின்னலாம் என்று சொல்லுங்கள், அது நடக்கும். வாயில் மிட்டாயோடு ஓடக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. சிக்கிக்கொண்டு இருமவும் பேசவும் முடியாமல் போனால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே ஐந்து தடவை உள்ளும் மேலுமாக அழுத்தம். மிட்டாய் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

வந்ததும் தரையில் ஒரு துணி விரித்துப் பையைக் கொட்டுங்கள். உறை பிரிந்தது, நீங்கள் வைக்காத புதுப் பண்டம், தேதி தாண்டியது மூன்றையும் அப்போதே எடுத்துவிடுங்கள். பிள்ளை அன்றைக்கு மூன்று தின்னட்டும், மிச்சத்தை டப்பாவில் போட்டு நாளுக்கு ஒன்று. மழைக்காலத்தில் கடற்காற்று ஈரத்துக்கு மிட்டாய் நசநசத்துவிடும், டப்பாவில் ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போடுங்கள். மீந்த பொட்டலங்களை எட்டு வீட்டிலிருந்தும் மறுநாள் திரும்ப வாங்கி, வாங்கும்போதே என்ன இடைஞ்சலாக இருந்தது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். டிசம்பர் கேரலுக்கு அதே பெற்றோர்தான் மறுபடி பேச வேண்டியிருக்கும்.